நமக்கான சட்டம் வந்த வழி



மலருக்குக் கட்டுரை எழுதப் பேர் கொடுங்கன்னு கேட்டப்போ கறவை மாடு, காளான், வங்கிக் கடன்னு ஆளுக்கு ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டாங்க. நான் எடுத்துக்கிட்டது கொஞ்சம் கசப்பான விஷயம். புருஷன் பொண்டாட்டி பிரியறது, ஜீவனாம்சம், பிள்ளை யார்கிட்ட இருக்கணும்கிறது. மாதக் கூட்டத்துல சந்தா வசூல் முடிஞ்சு, தீர்மான நோட்டை மூடினதுக்கப்புறம் நாம குரலைத் தாழ்த்திப் பேசுறது பெரும்பாலும் இதைத்தானே. நோட்டுல ஏறாத பேச்சு, இந்த மலர்லயாவது ஏறட்டும்னு நினைச்சேன்.

நான் வக்கீல் இல்லை. சட்டப்பணிகள் குழு நடத்தின முகாம்கள்ல கேட்டதையும், கிளை நூலகத்துல எடுத்துப் படிச்சதையும் வச்சுத்தான் எழுதுறேன். படிக்கப் படிக்க எனக்கு ஒண்ணு விளங்கிச்சு. நமக்குன்னு சட்டத்துல இருக்கிறது எதுவும் தானா வரலை. ஒவ்வொண்ணுக்கும் பின்னால யாரோ ஒரு பெண் வருஷக்கணக்கா கோர்ட்டு வாசல்ல நின்னிருக்காங்க, இல்லேன்னா யாரோ சட்டசபையில மல்லுக்கட்டியிருக்காங்க. அப்படி வந்ததை நாம என்னான்னே தெரியாம ஒரு பத்திரத்துல கையெழுத்துப் போட்டு விட்டுடறோம். அதனாலதான் இந்த வரலாறு நமக்கு வேணும்.

பழைய வழக்கம்

விவாகரத்துங்கிறது வெள்ளைக்காரன் கொண்டு வந்ததுன்னு பெரியவங்க சொல்வாங்க. அது முழுக்கச் சரியில்லை. நம்ம பக்கத்துல பல சமூகங்கள்ல தீர்த்துவிடுற வழக்கமும், அறுத்துக்கட்டுற வழக்கமும் ரொம்பக் காலமா இருந்தது. ஒத்துவரலைன்னா நாலு பெரியவங்க முன்னாடி தீர்த்துவிட்டு, அந்தப் பெண் வேற ஒருத்தரைக் கட்டிக்கலாம். மேல்சாதின்னு சொல்லிக்கிட்டவங்க வீட்டுப் பெண்களுக்குத்தான் அந்த வழியும் கிடையாது. சாஸ்திரப்படி கல்யாணம் ஏழு ஜென்மத்துக்கும்னு சொல்லிட்டாங்க. ஆனா அது பொம்பளைக்கு மட்டும்தான். ஆம்பளை ஒண்ணு இருக்க இன்னொண்ணு கட்டிக்கலாம், அதைத் தடுக்கச் சட்டம் எதுவும் இல்லை.

சரி, தீர்த்துவிடுற வழக்கம் இருந்த இடத்துல பெண் நல்லா இருந்தாளான்னு கேட்டா, அதுவும் அரைகுறைதான். தாலியைக் கழட்டிக் கொடுத்துட்டு வந்தா போதும், விடுதலை. ஆனா சோத்துக்கு என்ன வழி, பிள்ளை யாருக்கு, இதையெல்லாம் முடிவு பண்றது பஞ்சாயத்துல உக்காந்த ஆம்பளைங்க. பிள்ளை அப்பன் கொடின்னு சொல்லி அந்த வீட்டுக்கே கொடுத்துடுவாங்க. பெண் வெறுங்கையோட தாய் வீட்டு வாசலுக்கு வந்து நிப்பாள். வழக்கம் நமக்கு வெளியே போற வாசலைத் திறந்து வச்சது. அதுக்குமேல நமக்குன்னு எதையும் எடுத்து வைக்கலை.

ஜெயிலுக்குப் போறேன்னு சொன்ன ருக்மாபாய்

பம்பாயில ருக்மாபாய்னு ஒரு பெண். 11 வயசுல கல்யாணம் பண்ணி வச்சாங்க. புருஷன் பேர் தாதாஜி பிகாஜி. ஆனா அந்தப் பெண் அவர் வீட்டுக்குப் போகலை. அம்மா கூடவும், டாக்டரா இருந்த வளர்ப்பு அப்பா கூடவும் இருந்துக்கிட்டுப் படிச்சாங்க. 1884-ல தாதாஜி, என் மனைவியை என்கூட அனுப்பி வைக்கணும்னு கோர்ட்டுல வழக்குப் போட்டார். ருக்மாபாய் சொன்ன பதில் நேரானது. விவரம் தெரியாத வயசுல, என்னைக் கேட்காம நடந்த கல்யாணம், அதுக்கு நான் கட்டுப்பட மாட்டேன்.

1885-ல முதல் நீதிபதி பின்ஹே அவங்க பக்கம் தீர்ப்பு சொன்னார். நாடே ரெண்டுபட்டது. மேல்முறையீட்டுல அந்தத் தீர்ப்பு நிக்கலை. 1887-ல வேற நீதிபதி, ஒரு மாசத்துக்குள்ள புருஷன் வீட்டுக்குப் போகணும், போகலைன்னா ஆறு மாசம் ஜெயில்னு உத்தரவு போட்டார். ருக்மாபாய் ஜெயிலுக்கே போறேன்னு சொன்னாங்க. இது நடந்து நூத்து முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னைக்கும் கோர்ட்டுன்னு சொன்னாலே நமக்குக் கை நடுங்குது. அந்தக் காலத்துல இருபத்துச் சொச்சம் வயசுப் பெண் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்காங்க.

கடைசியில 1888-ல தாதாஜி 2,000 ரூபாய் வாங்கிக்கிட்டு உரிமையை விட்டுட்டார். ருக்மாபாய் லண்டன் போய் மருத்துவம் படிச்சுட்டு வந்து, சூரத், ராஜ்கோட்டுல பெண்களுக்கு வைத்தியம் பார்த்தாங்க. அந்த வழக்கு கிளப்பிவிட்ட பேச்சும் ஒரு காரணமாகித்தான் 1891-ல சம்மத வயசுச் சட்டம் வந்தது. பெண்ணோட வயசை 10-ல இருந்து 12-க்கு உயர்த்தினாங்க. இதுக்கே அவ்வளவு எதிர்ப்பு.

அவங்க மேல போட்ட அதே மாதிரி வழக்கு, சேர்ந்து வாழக் கேட்கிற வழக்கு, இப்பவும் சட்டத்துல இருக்கு. நம்ம ஊருப் பெண்களுக்கும் அந்த நோட்டீஸ் வருது. இப்போ அதுக்காக யாரையும் ஜெயில்ல போட முடியாது, வலுக்கட்டாயமா இழுத்துட்டுப் போகவும் முடியாது. ஆனா நோட்டீஸை வாங்காம விட்டாலோ, வாய்தாவுக்குப் போகாம இருந்தாலோ ஒருதலையா தீர்ப்பு வந்துடும். அந்தத் தீர்ப்பைக் காட்டியே அவர் பிறகு விவாகரத்து கேட்கலாம். அதனால நோட்டீஸ் வந்தா கையெழுத்துப் போட்டு வாங்கணும், சொன்ன தேதியில போய் நம்ம பக்கத்தைச் சொல்லணும்.

நம்ம ஊர்ப் பெண்ணும் 1949-ம்

அடுத்து நம்ம புதுக்கோட்டைக்கே வருவோம். இங்க பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மெட்ராஸ் சட்டசபைக்குள்ள போன முதல் பெண். அந்தச் சபைக்குத் துணைத் தலைவராவும் இருந்தாங்க. பெண்ணோட கல்யாண வயசைக் கூட்டணும்னு அங்க குரல் கொடுத்தாங்க. 1929-ல சாரதா சட்டம்னு சொல்ற குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் வந்தது. பெண்ணுக்கு 14, பையனுக்கு 18. அது 18, 21-னு ஆனது 1978-லதான்.

1946-ல ஒரு சட்டம் வந்து, புருஷன் இன்னொரு கல்யாணம் பண்ணிக்கிட்டா மனைவி தனியா இருந்துக்கிட்டே ஜீவனாம்சம் கேட்கலாம்னு சொன்னது. அப்பவும் அவர் செஞ்சது தப்புன்னு சொல்லலை. அதைச் சொன்னது 1949-ல மெட்ராஸ் மாகாணம் போட்ட இருதார தடை மற்றும் விவாகரத்துச் சட்டம். மனைவி இருக்க இன்னொரு கல்யாணம் செல்லாது, குற்றம், பெண்ணும் விவாகரத்து கேட்கலாம்னு அதுல வந்தது. புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 மார்ச்சுல மெட்ராஸ் மாகாணத்தோட சேர்ந்துடுச்சு. அதனால நம்ம பாட்டிகளுக்கும் அந்தச் சட்டம் சொந்தமாச்சு. அவங்கள்ல எத்தனை பேருக்கு அது தெரிஞ்சிருக்கும்கிறது வேற கதை.

நாடு முழுக்க இப்படி ஒரு சட்டம் வேணும்னு பாடுபட்டவர் அம்பேத்கர். இந்து சட்டத் தொகுப்பு மசோதாவை நிறைவேத்த முடியாம இழுத்தடிச்சதும் ஒரு முக்கியக் காரணமாகி 1951-ல மந்திரி பதவியை விட்டே விலகினார். பிறகு அது துண்டு துண்டா வந்தது. 1955-ல இந்துத் திருமணச் சட்டம். 1956-ல வாரிசுரிமைச் சட்டம், மைனர் பிள்ளைகளுக்கான காப்பாளர் சட்டம், தத்து மற்றும் ஜீவனாம்சச் சட்டம். திருமணச் சட்டம் 1955 மே மாசம் வந்தது. அதே வருஷம் செப்டம்பர்லதான் ருக்மாபாய் தன்னோட 90-வது வயசுல காலமானாங்க. 11 வயசுல கட்டி வச்ச கல்யாணத்துல இருந்து சட்டப்படி வெளியே வர ஒரு வழி பிறந்ததை அவங்க உயிரோட இருந்து பார்த்தாங்க.

அடிச்சா மட்டும் போதாதுன்னு இருந்த காலம்

1955 சட்டம் வந்ததோட எல்லாம் சரியாயிடலை. அதுல ஒரு பெரிய ஓட்டை. புருஷன் கொடுமைப்படுத்தினாலோ விட்டுட்டுப் போயிட்டாலோ, பெண் தனியா வாழ உத்தரவு மட்டும்தான் வாங்கலாம். அதை வச்சு நேரா விவாகரத்து கேட்க முடியாது. 1976-ல திருத்தம் வந்த பிறகுதான் கொடுமையும் கைவிட்டதும் விவாகரத்துக்கே காரணமாச்சு. ரெண்டு பேரும் சம்மதிச்சு மனமொத்துப் பிரியறதும் அந்த 1976 திருத்தத்துலதான் வந்தது. ஒரு வருஷம் பிரிஞ்சு இருந்திருக்கணும், மனு போட்டு ஆறு மாசம் கழிச்சு மறுபடி கோர்ட்டுல சொல்லணும். பொருத்தமான வழக்குல அந்த ஆறு மாசத்தைத் தள்ளுபடி பண்ணலாம்னு 2017-ல உச்ச நீதிமன்றம் சொல்லிச்சு.

நம்ம கூட்டமைப்புல கிறிஸ்தவ சகோதரிகளும் இருக்காங்க. அவங்களுக்கு 1869-லயே விவாகரத்துச் சட்டம் இருந்தது. ஆனா அதுல புருஷனுக்கு ஒரு அளவு, பொண்டாட்டிக்கு ஒரு அளவு. மனைவி தப்பு பண்ணினான்னு அவர் நிரூபிச்சா போதும். அவர் தப்பு பண்ணினார்னு இவங்க நிரூபிச்சா போதாது, அதோட கொடுமையோ கைவிட்டதோ இன்னொண்ணையும் சேர்த்துக் காட்டணும். அந்த அநியாயம் சட்டத்துல இருந்து எடுக்கப்பட்டது 2001-ல. கணக்குப் போட்டுப் பாருங்க, 132 வருஷம்.

இருபத்தஞ்சு ரூபாய் ஜீவனாம்சம்

இப்போ காசு விஷயம். நாம கணக்கு எழுதிப் பழகினவங்க, இது சுலபமா விளங்கும்.

மனைவி பிள்ளையைக் காப்பாத்தாத ஆள்கிட்ட மாஜிஸ்திரேட் கோர்ட்டு மூலமா மாசாமாசம் பணம் வாங்கலாம்னு வெள்ளைக்காரன் காலத்துலயே குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல ஒரு பிரிவு இருந்தது. எந்த மதத்துப் பெண்ணுக்கும் பொது. ஆனா அதுக்கு உச்ச வரம்பு வச்சிருந்தாங்க. 1898 சட்டத்துல மாசம் 50 ரூபாய்க்கு மேல கிடையாது. அது பிறகு 100 ஆச்சு, 1955-ல 500 ஆச்சு. 1973-ல புதுச் சட்டம் எழுதி அதையே 125-வது பிரிவா வச்சப்பவும் 500-ஐ விட்டு நகரலை. அந்த வரம்பை எடுத்தது 2001-ல. நாப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல அரிசி விலை ஏறிச்சு, தங்கம் விலை ஏறிச்சு, புருஷன் விட்டுட்டுப் போன பெண்ணோட சோத்துக்கு மட்டும் அதே 500.

அந்த 500-க்குள்ளயும் எவ்வளவு கொடுத்தாங்கன்னு ஷா பானு கதையில தெரியும். மத்தியப் பிரதேசத்துல இந்தூர் ஊர். 1932-ல கல்யாணம், அஞ்சு பிள்ளைங்க. புருஷன் வக்கீல். 1975-ல வீட்டை விட்டு அனுப்பிட்டார். 1978-ல அவங்க மாசம் 500 ரூபாய் கேட்டு மனு போட்டப்போ வயசு 62. வழக்கு நடக்கும்போதே அவர் தலாக் சொன்னார். மாஜிஸ்திரேட் போட்ட உத்தரவு மாசம் 25 ரூபாய். உயர் நீதிமன்றம் அதை 179 ரூபாய் 20 பைசான்னு ஆக்கிச்சு. அதையும் கொடுக்க மனசில்லாம அவர் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார். 1985 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம், எந்த மதமா இருந்தாலும் இந்தப் பிரிவு பொருந்தும்னு ஷா பானு பக்கம் தீர்ப்பு சொன்னது.

பெரிய எதிர்ப்பு கிளம்பிச்சு. 1986-ல நாடாளுமன்றம் முஸ்லிம் பெண்களுக்குத் தனிச்சட்டம் போட்டு அந்தத் தீர்ப்பைச் சுருக்கிடுச்சு. ஷா பானுவுக்காக வாதாடின வக்கீல் டேனியல் லத்தீஃபி அந்தச் சட்டத்தையே எதிர்த்து வழக்குப் போட்டார். 2001-ல உச்ச நீதிமன்றம், இத்தா காலத்துக்குள்ளயே அந்தப் பெண்ணோட வருங்காலத்துக்கும் சேர்த்து நியாயமான ஏற்பாடு செய்யணும்னு சொன்னது. 2024 ஜூலையில, விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் 125-வது பிரிவுல கேட்கலாம்னு மறுபடி உறுதி பண்ணிச்சு. 1978-ல ஒரு பாட்டி போட்ட மனுவோட கேள்விக்கு 46 வருஷம் கழிச்சுத்தான் முழுசா பதில் வந்தது.

இதுல நம்ம ஊருக்கும் பங்கு இருக்கு. முஸ்லிம் பெண்ணோட குடும்ப வழக்கை ஜமாஅத்துல ஆம்பளைங்க மட்டும் உக்காந்து பேசி முடிச்ச காலத்துல, பெண்களே உக்காந்து பேசுற பெண்கள் ஜமாஅத்தைப் புதுக்கோட்டையில இருந்து தொடங்கினவங்க ஷரீஃபா கானம். என்னைப் பத்திப் பேசுற இடத்துல நான் இருக்கணும்கிறதுதான் அவங்க கேட்டது. எந்த மதத்துப் பெண்ணுக்கும் அது பொருந்தும்.

இப்போ 2024 ஜூலை 1-ல இருந்து புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் நடைமுறையில இருக்கு. 125-வது பிரிவு அதுல 144-வது பிரிவு. எண்தான் மாறியிருக்கு, உரிமை அப்படியே இருக்கு. இதுல நாம ஞாபகம் வச்சுக்க வேண்டியது மூணு. ஒண்ணு, நாம குடியிருக்கிற ஊர்க் கோர்ட்டுலயே மனு போடலாம், அவர் ஊருக்கு அலைய வேண்டாம். ரெண்டு, 2020-ல உச்ச நீதிமன்றம் சொன்னபடி மனு போட்ட தேதியில இருந்தே பணம் கணக்காகும், ரெண்டு பேரும் சொத்து, வருமானம், கடன் எல்லாத்தையும் எழுதிக் கொடுக்கணும். மூணு, அவர் பாக்கி வச்சா ஒரு வருஷத்துக்குள்ள கோர்ட்டுல கேட்டுடணும். சும்மா பொறுத்துப் போய்ப் பாக்கியைச் சேர்த்து வச்சா பழைய பாக்கி கைவிட்டுப் போயிடும். கடன் தவணைக்கு நாம எப்படித் தேதி எழுதி வைக்கிறோமோ அப்படி இதுக்கும் எழுதி வைக்கணும்.

பிள்ளை யாருக்கு

எத்தனை அடி வாங்கினாலும் நம்மளை வாயடைக்க வைக்கிற ஒரே வார்த்தை, நீ போறதுன்னா பிள்ளையை விட்டுட்டுப் போங்கிறதுதான். அதனால இதைக் கொஞ்சம் நிதானமாச் சொல்றேன்.

1890-லயே காப்பாளர் சட்டம் ஒண்ணு வந்தது. பிள்ளையோட நலனைப் பார்த்து முடிவு பண்ணணும், விவரம் தெரிஞ்ச வயசுப் பிள்ளைன்னா அதோட விருப்பத்தையும் கேட்கலாம்னு அதுல இருக்கு. 1956 சட்டம், பிள்ளையோட நலன்தான் எல்லாத்துக்கும் மேலன்னு சொல்லிச்சு. அஞ்சு வயசுக்குக் கீழ இருந்தா சாதாரணமா அம்மாகிட்டதான் இருக்கணும்னும் எழுதினாங்க. ஆனா அதே சட்டத்துல இன்னொரு வரியும் வந்தது. இயற்கையான காப்பாளர் அப்பா, அவருக்குப் பிறகு அம்மா. இந்த 'பிறகு'ங்கிற ஒரு வார்த்தை நாப்பது வருஷத்துக்கு மேல அம்மாக்களைப் பாடாப்படுத்திச்சு. அப்பா உசிரோட இருக்கிற வரைக்கும் அம்மா கையெழுத்துக்கு மதிப்பில்லைன்னு எல்லாரும் அர்த்தம் பண்ணிக்கிட்டாங்க.

1973-ல ரோசி ஜேக்கப் வழக்குல, மெட்ராஸ் உயர் நீதிமன்றத்துல இருந்து போன வழக்கு அது, பிள்ளைங்க அப்பா அம்மாவோட உடைமையும் இல்லை, விளையாட்டுப் பொருளும் இல்லைன்னு உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்பாவோட உரிமை பெருசா அம்மாவோட உரிமை பெருசான்னு பார்க்கிறதை விட்டுட்டு, பிள்ளைக்கு எது நல்லதுன்னு பாருங்கன்னு திருப்பி விட்டாங்க.

ஆனா 'பிறகு' அப்படியே இருந்தது. கோயம்புத்தூர்ல பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன் 1984-ல தன் மகன் பேர்ல ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க விண்ணப்பம் போட்டாங்க. காப்பாளர்னு அம்மா கையெழுத்து. புருஷனுக்கும் அதுல சம்மதம்தான். வங்கி அதைத் திருப்பி அனுப்பி, அப்பா கையெழுத்து வேணும்னு கேட்டது. அவங்க உச்ச நீதிமன்றம் போனாங்க. 1999 பிப்ரவரியில தீர்ப்பு வந்தது. 'பிறகு'ன்னா அப்பா செத்த பிறகுன்னு மட்டும் அர்த்தம் இல்லை, அப்பா பிள்ளையைப் பார்க்காத நிலைமையிலயும், ரெண்டு பேரும் பேசி அம்மா பார்த்துக்கட்டும்னு விட்ட நிலைமையிலயும் அம்மாவே காப்பாளர்னு விளக்கினாங்க. 2015-ல, கல்யாணம் ஆகாத ஒரு அம்மா, அப்பா பேரைச் சொல்லாமலே தன் பிள்ளைக்குக் காப்பாளரா ஆகலாம்னும் தீர்ப்பு வந்தது. நாம செல்வமகள் சேமிப்புக் கணக்கு ஆரம்பிக்கும்போது அம்மா கையெழுத்துப் போடுறோமே, அதுக்குப் பின்னால இப்படி ஒரு வழி இருக்கு.

பணம் இல்லாதவகிட்ட பிள்ளையைக் கொடுக்க மாட்டாங்கன்னு பயம் காட்டுவாங்க. அப்பன் சம்பாதிக்கிறார்னா பிள்ளைக்கு ஜீவனாம்சம் கொடுக்க வேண்டியது அவர். பிள்ளை யார்கிட்ட நல்லா இருக்கும்கிறது வேற கேள்வி. கோர்ட்டு ரெண்டையும் தனித்தனியாப் பார்க்கும். அதே நேரம் அப்பாவும் பிள்ளையைப் பார்க்க நாள் குறிச்சுக் கொடுப்பாங்க. அதை நாம தடுக்கக் கூடாது. பிள்ளைக்கு அப்பா வேணும்தானே.

வீட்டை விட்டு இறங்க வேண்டாம்

விவாகரத்து வேண்டாம், அடியில்லாம இருந்தா போதும்னு சொல்ற சகோதரிகள்தான் நம்மகிட்ட அதிகம். அவங்களுக்கு 2005-ல குடும்ப வன்முறையில் இருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் வந்தது. 2006 அக்டோபர்ல இருந்து நடைமுறை. அடிக்கக் கூடாதுன்னு உத்தரவு, வீட்டுல குடியிருக்க உத்தரவு, செலவுக்குப் பணம், பிள்ளையைத் தற்காலிகமா வச்சுக்கிறது, எல்லாம் ஒரே மனுவுல கேட்கலாம். வீடு மாமனார் மாமியார் பேர்ல இருந்தா மருமகளுக்கு அங்க இருக்க உரிமை இல்லைன்னு கொஞ்ச காலம் ஒரு தீர்ப்பு இருந்தது. 2020-ல உச்ச நீதிமன்றம் அதை மாத்தி, குடும்பமா குடியிருந்த வீடு அவங்க பேர்ல இருந்தாலும் மருமகள் குடியிருக்க உரிமை கேட்கலாம்னு சொல்லிடுச்சு. மாவட்டத்துல இதுக்குன்னே பாதுகாப்பு அலுவலர் இருக்காங்க. 1992-ல சென்னை ஆயிரம் விளக்குல முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்ததுக்கப்புறம், ஒரு பெண் போலீஸ்கிட்டயே போய்ச் சொல்ற வழியும் நமக்கு உண்டு.

அந்தப் பத்திரம்

இவ்வளவு வரலாறும் இப்போ நான் சொல்லப் போறதுக்காகத்தான்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு சகோதரி, பேர் வேண்டாம். ரெண்டு பிள்ளைங்க. ஊர்ல பெரியவங்க உக்காந்து பேசி, 40,000 ரூபாயும் சீர்ப் பாத்திரங்களும் வாங்கிக் கொடுத்தாங்க. இருபது ரூபாய்ப் பத்திரத்துல, இனிமே எங்களுக்குள்ள எந்தச் சம்பந்தமும் இல்லை, ஜீவனாம்சம் கேட்க மாட்டேன், மனசார விலகிக்கிறேன்னு எழுதிக் கையெழுத்து வாங்கினாங்க. அவர் அடுத்த தையில வேற கல்யாணம் பண்ணிக்கிட்டார். பெரிய பிள்ளை எட்டாவது போனப்போ இவங்களால சமாளிக்க முடியலை. கோர்ட்டுக்குப் போனா, அந்தப் பத்திரத்தைத்தான் அவர் முதல்ல நீட்டினார். பிள்ளைங்களுக்குப் பணம் கொடுக்க உத்தரவு ஆயிடுச்சு. இவங்களோடது இன்னும் வாய்தாவுல நிக்குது.

விளங்கிக்குங்க. அப்படி ஒரு பத்திரம் விவாகரத்து ஆகாது. சாதி வழக்கத்துல தீர்த்துவிடுறதைச் சட்டம் ஏத்துக்குது, ஆனா அந்த வழக்கம் உண்மையிலேயே ரொம்பக் காலமா இருக்குன்னு கோர்ட்டுல நிரூபிக்கணும். அது லேசான காரியம் இல்லை. விவாகரத்து செல்லலைன்னா அவரோட ரெண்டாவது கல்யாணமும் செல்லாது. ஒரு பத்திரத்துல ரெண்டு பெண்கள் ஏமாறுறாங்க. இன்னொண்ணு, மனசார விலகிக்கிறேன்னு ஏன் எழுதி வாங்குறாங்க தெரியுமா? ரெண்டு பேரும் சம்மதிச்சுப் பிரிஞ்சு இருந்தா மனைவி ஜீவனாம்சம் கேட்க முடியாதுன்னு அதே பிரிவுல ஒரு வரி இருக்கு. சட்டம் தெரிஞ்ச யாரோதான் அந்த வார்த்தையை உள்ள சேர்க்கிறாங்க. பிள்ளையோட பங்கை மட்டும் அம்மா எழுதிக் கொடுத்தாலும் இழக்க முடியாது. அது பிள்ளையோடது.

பஞ்சாயத்தே கூடாதுன்னு நான் சொல்லலை. சேர்த்து வைக்கப் பேசுறதுக்கு அது நல்ல இடம். பிரியறதா இருந்தா, பேசி முடிச்சதைக் கோர்ட்டுல மனமொத்த விவாகரத்தா பதிவு பண்ணிக்கணும். ஷா பானுவும் ருக்மாபாயும் வாங்கிக் கொடுத்தது அந்த இடத்துலதான் செல்லும்.

கோர்ட்டுக்குப் போகக் காசு வேணுமேன்னு கேப்பீங்க. 1987-ல போட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1995 நவம்பர் 9-ல இருந்து நடைமுறையில இருக்கு. அதுப்படி பெண்ணா இருந்தா போதும், வருமானம் எவ்வளவுன்னு பார்க்காம இலவசமா வக்கீல் வச்சுக் கொடுக்கணும். தாலுகா கோர்ட்டு வளாகத்துலயே வட்ட சட்டப்பணிகள் குழு இருக்கு. 15100-க்கும் போன் பண்ணலாம். உடனடி ஆபத்துன்னா பெண்கள் உதவி எண் 181. விவாகரத்து வழக்கையும், 2003 திருத்தத்துக்கு அப்புறம், மனைவி தான் இருக்கிற ஊருக்கு உட்பட்ட கோர்ட்டுலயே போடலாம்.

கல்யாணப் பதிவையும் விட்டுடாதீங்க. தமிழ்நாட்டுல 2009 சட்டப்படி எல்லா மதத்துக் கல்யாணத்தையும் 90 நாளுக்குள்ள சார்பதிவாளர் அலுவலகத்துல பதியணும். இவர் என் மனைவியே இல்லைன்னு ஒருத்தர் கோர்ட்டுல சொல்லும்போது அந்த ஒரு சான்றிதழ் பேசும்.

1989-ல தர்மபுரியில நம்ம மாதிரி குழுக்கள் ஆரம்பிச்சாங்க. 1991-ல நம்ம மாவட்டத்துல அறிவொளி இயக்கம் வந்து, ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தும் கத்துக்கிட்டு சைக்கிளும் ஓட்டினாங்க. கைநாட்டு வச்சவங்க கையெழுத்துப் போட ஆரம்பிச்சது அப்போதான். கையெழுத்துப் போடத் தெரிஞ்சவங்க, எதுக்குப் போடக் கூடாதுன்னும் தெரிஞ்சுக்கணும்.

கூட்டமைப்புக்கு என்னோட வேண்டுகோள் இது. ஒவ்வொரு குழுவும் அடுத்த மாதக் கூட்டத்துல ஒரு தீர்மானம் போடுங்க. வருஷத்துக்கு ஒரு தடவை வட்ட சட்டப்பணிகள் குழுவுல இருந்து ஆளை வரவழைச்சுப் பேச வைக்கணும். எந்த உறுப்பினரையாவது பத்திரத்துல கையெழுத்துப் போடக் கூப்பிட்டா, குழுவுல இருந்து ரெண்டு பேர் கூடப் போகணும், சட்டப்பணிகள் குழுவுல காட்டாம கையெழுத்துப் போடக் கூடாது. தீர்மானத்தைப் படிச்சுக் காட்டி, எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கிடுங்க.